கற்பூரம் அணைத்த கை

ஜூன் 11

சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் அமைப்பாளராக இருந்தவளுக்கு எழுதாமல் பொழுது முடியாது. அப்போது அரிசி எத்தனை கிலோ, முட்டை எத்தனை, உடைந்தது எத்தனை என்று எழுதினேன். ரிட்டயர் ஆன பிறகு ஊர்க்காரர்களை எழுதுகிறேன். முட்டை எவ்வளவோ மேல். உடைந்தால் தெரிந்துவிடும்.

இன்று ரயில்காரர்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து மேற்கே ஓடப்போகிற அதிவேக ரயிலாம், மணிக்கு முந்நூறு கிலோமீட்டராம். எங்கள் வேம்பந்தாங்கலுக்கு டவுன் பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை வரவேண்டும், அதில் ஒன்று வராது. இந்த ரயில் இங்கே நிற்கவும் நிற்காது.

கட்டிலில் படத்தை விரித்துக் காட்டினார்கள். சிவப்புக் கோடு பொதுக் கிணற்றைத் தாண்டி, தேவகியின் இரண்டு ஏக்கரையும் நடுவில் பிளந்துகொண்டு போகிறது. ரோட்டோரம் இருக்கிற என் இரண்டு ஏக்கரும் வீடும் கோட்டுக்கு வெளியே. நன்றாகத்தான் பார்த்தேன். தேவகி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவளுக்கும் எனக்கும் பதினான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பாகம் பிரித்தபோது கிணறு யார் பக்கம் என்பதில் ஆரம்பித்தது. பட்டா மட்டும் இன்னும் இரண்டு வீட்டுப் பேரிலும் கூட்டுப் பட்டாவாகவே இருக்கிறது.

வெயிலில் வந்த பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். மோர் கொடுத்தேன். ஏதோ தாள் எல்லாம் வைத்திருந்தார்கள். சாயங்காலம் வேர்க்கடலைக்குக் களை எடுத்தேன்.

ஜூன் 12

அந்த ரயில் பையன் தேவகி வீட்டுக்குள் தாளோடு போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். கூட்டுப் பட்டா என்றால் அவளிடமும் போகத்தானே வேண்டும்.

ஜூன் 14

அவளுடைய ஆட்டுக் கொட்டகையில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறாள். மழை வந்தால் நனையும். எனக்கென்ன.

ஜூன் 27

கல் நட்டுவிட்டார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தால் என் குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று நிற்கிறது. அடுத்தது நடுக் கழனியில். அடுத்தது கிணற்று மேட்டில்.

ஓடிப்போய்க் கேட்டேன். வேறு ஒருவன் வந்திருந்தான், மோர் குடித்த பையன் இல்லை. ஏரி குறுக்கே வருகிறதாம், அதனால் கோட்டை அறுபது மீட்டர் தெற்கே தள்ளிவிட்டார்களாம். என் வீடு, என் இரண்டு ஏக்கர், கிணறு எல்லாம் போகிறது. தேவகிக்கு ஓர் ஓரம் போகிறது, அவ்வளவுதான்.

என் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு ஒவ்வொரு செங்கல்லையும் நான்தான் இறக்கினேன். அவர் செத்ததும் இந்த வீட்டில்தான். அறுபது மீட்டர் என்று விரலைக் காட்டிச் சொல்கிறான். அவன் விரலை ஒடித்திருக்க வேண்டும்.

ஜூலை 5

போராட்டக் குழு அமைத்தாயிற்று. நாற்பத்தேழு குடும்பத்தின் நிலம் போகிறது. நான்காம் வார்டு உறுப்பினர் நான், பேசத் தெரிந்தவள் நான், அதனால் தலைவி நான். ஊராட்சித் தலைவர் ஏகாம்பரம் கூட்டத்துக்கு வந்து கைகட்டி நின்றார். அவர் மச்சானுக்கு ஐந்து டிப்பர் லாரி இருக்கிறது. ரயிலுக்கு எவ்வளவு மண் அடிக்க வேண்டும் என்று அவர் மனசு கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. “ஊர் எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம்தான்” என்றார். ஊர் என்றால் டிப்பர் போலிருக்கிறது.

எம்.எல்.ஏ.வும் வந்தார். ரயில் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வளர்ச்சி என்றார், விவசாயி என்றார், சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அந்தச் சால்வை குழுக் காசில் வாங்கியது.

தேவகி கடைசி வரிசையில் நின்றாள். வாயே திறக்கவில்லை. அவளிடம் என்ன தாள் இருக்கிறதோ, அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தாளோ, யாருக்குத் தெரியும்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

பொன்னியம்மன் கோயிலில் சத்தியம் வாங்கினோம். யோசனை என்னுடையது. ஏகாம்பரம் ஆட்கள் வீடு வீடாகப் போய் ரேஷன் கார்டு, அளவு, நஷ்டஈடு என்று ஏதாவது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஊர் ஜனங்களை நம்ப முடியாது. பேனாவைக் கொடுத்தால் போதும், எங்கே எங்கே என்று கேட்பார்கள்.

அதனால் ஓட்டையே இல்லாமல் வாசகம் எழுதினேன். “இந்த ரயில் சம்பந்தமா எந்தத் தாளுலயும், எந்தப் புஸ்தகத்துலயும், யார் கேட்டாலும், கையெழுத்தோ கைநாட்டோ போட மாட்டேன்.” இதற்குமேல் யாரும் ஒன்றும் சேர்க்க முடியாது என்று நினைத்தேன். பூசாரி தனகோட்டி சேர்த்தான்.

“போட மாட்டேன்னு மட்டும் சொன்னா எப்படிம்மா? இதுவரைக்கும் போட்டதும் இல்லன்னு சொல்லணும். அப்பத்தான் ஆத்தா கணக்குல ஏறும்.”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. குழுத் தலைவி என்பதால் முதல் கற்பூரம் நான்தான் அணைக்க வேண்டும். அணைத்தேன். பிறகு முந்நூறு பேருக்கு மேல் வரிசையாக வந்து உள்ளங்கையால் அணைத்தார்கள்.

தேவகியும் வரிசையில் வந்தாள். அவள் முறை வந்ததும் கற்பூரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அணைக்காமல் இறங்கிப் போய்விட்டாள். கோயிலே சலசலத்தது. “பாத்தீங்களா, யார் துரோகின்னு ஆத்தாவே காட்டிக் குடுத்துட்டா” என்று நான்தான் சொன்னேன். சொன்னது தப்பில்லை.

ஜூலை 21

உள்ளங்கையில் கொப்புளம். முந்நூறு பேரில் எனக்கு மட்டும். மலிவான கற்பூரம் வாங்கினால் இப்படித்தான்.

ஜூலை 29

தேவகியோடு ஊரில் யாரும் பேசுவதில்லை. பால் சொசைட்டியில் அவள் பாலைக் கடைசியாக அளக்கிறார்கள், அதற்குள் திரிந்துபோகிறது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை நகர்த்தி வைக்கிறார்கள். நான் யாரிடமும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. அது என் வேலையா?

கொழுந்தனாருக்குப் பெங்களூரில் வாட்ச்மேன் வேலை. தீபாவளிக்குத்தான் வருவார். தனியாக இருக்கிறாளே என்று பக்கத்து வீட்டுச் சகுந்தலா என்னிடமே வந்து உருகினாள். நான் மட்டும் கூட்டமாகவா இருக்கிறேன்? என் மகன் தயாளன் ஸ்ரீபெரும்புதூரில் கார் செய்கிறான். ஊருக்கு வரும்போது பஸ்ஸில் வருகிறான்.

செவ்வாயும் சனியும் கிணற்றில் அவளுடைய முறை. மோட்டார் ரூம் என் பக்கம், சாவி என் இடுப்பில். இன்று செவ்வாய். கரண்ட் காலை ஆறு மணிக்கு வந்தது. எனக்கு வேலை இருந்தது, எட்டு மணிக்குத்தான் திறந்தேன்.

ஆகஸ்ட் 9

சாலை மறியல். கறுப்புக் கொடியோடு இருநூறு பேர் உட்கார்ந்தோம். போலீஸ் எங்களை அள்ளிக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்தது, சாயங்காலம் விட்டது. மத்தியானம் லெமன் சாதம் போட்டார்கள். உப்பில்லை, தாளிப்பில் கடலைப்பருப்பு கருகியிருந்தது. அரசாங்கத்துக்கு இருநூறு பேருக்குச் சமைக்கத் தெரியாது, ரயில் விடப்போகிறது.

வக்கீல் ஹேமாவதி அங்கே வந்து பார்த்தார். கோர்ட்டில் தடை கேட்க வேண்டுமென்றால் கிராம சபைத் தீர்மானம் கையில் வேண்டும், அது இல்லாமல் கேஸ் நிற்காது என்றார். பதினைந்தாம் தேதி சுதந்திர தினக் கிராம சபை. ஊரே நம் பக்கம் இருக்கிறது. தீர்மானமா பெரிய விஷயம்?

ஆகஸ்ட் 15

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் நானூறு பேர். என் ஆயுசில் கிராம சபைக்கு இத்தனை பேர் வந்து பார்த்ததில்லை. வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள், மீதிக் கையெழுத்தை வீடு வீடாக வாங்கிக்கொள்வார்கள். அரசாங்கத்திலிருந்து பற்றாளராக ஒரு அம்மாள் வந்திருந்தார். மேஜை மேல் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்து, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

“போடுங்கம்மா. நூறு கையெழுத்து இல்லன்னா கோரம் இல்ல. கோரம் இல்லன்னா தீர்மானத்தைப் படிக்கவே முடியாது.”

சகுந்தலா எழுந்து நின்று சொன்னாள். “ரயிலுக்காகத்தான் கூடியிருக்கோம். அப்ப இது ரயில் சம்பந்தப்பட்ட புஸ்தகம்தான? எந்தப் புஸ்தகத்துலயும் போட மாட்டோம்னு கற்பூரம் அணைச்சிக்கீறோம். என் பொண்ணு ஏழு மாசம் முழுகாம கீறா. நான் போட மாட்டேன்.”

“இது ரயிலுக்கு எதிரான தீர்மானம்மா!” பற்றாளர் அம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

“எதிரோ நேரோ, சம்பந்தம் சம்பந்தம்தான. சுலோச்சனாக்கா சொல்லிக் குடுத்த வார்த்தை அது. ஓட்டையே இல்லன்னு அவங்கதான் சொன்னாங்க.”

நானூறு முகமும் என் பக்கம் திரும்பியது. நான் போய் முதல் கையெழுத்தைப் போட்டிருந்தால் எல்லாரும் போட்டிருப்பார்கள். போகலாம் என்றுதான் எழுந்தேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை, பேனா பிடித்தால் வலிக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

ஏகாம்பரத்தின் வீட்டு ஆட்கள் பதிமூன்று பேர் போட்டார்கள். அவர்கள் சத்தியம் பண்ணாதவர்கள். சத்தியம் பண்ணாத மற்றவர்கள் ஊருக்குப் பயந்து எழவில்லை. பதினான்காவதாகத் தேவகி போய் நிதானமாகப் பேர் எழுதினாள். திரும்பி வரும்போது பெண்கள் வழிவிடாமல் நின்றார்கள். “ரயிலுக்குக் கையெழுத்து போட்டுட்டு வர்றா பார்” என்று யாரோ காறித் துப்பினார்கள். முந்தானையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஏகாம்பரம் மைக்கில் நன்றி சொன்னார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 16

வக்கீல் போனில் திட்டினார். “உலகத்துலயே எதிர்ப்புத் தெரிவிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ண ஊர் உங்க ஊர்தாம்மா.” அடுத்த கிராம சபை காந்தி ஜெயந்தி அன்றைக்கு. அதையும் விட்டால் நிலத்தை எடுத்தே விடுவார்களாம். நேற்று ரயிலுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டது யாராவது உண்டா என்று கேட்டார். ஒருத்தி என்றேன். “நல்ல பொம்பளை. அவங்களை முன்னால விடுங்க” என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

பூசாரியிடம் போனேன். சத்தியத்தை அவிழ்க்க வழி இருக்கிறதாம். முதல் கற்பூரம் அணைத்தவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து, ஊர் கூடிய இடத்தில் ஆத்தாளைக் கூப்பிட்டு, எல்லார் வாக்கையும் தன் தலைமேல் வாங்கி அவிழ்த்துவிடலாம்.

“அவ்வளவுதானா தனகோட்டி?”

“அவ்ளோதாம்மா. ஆனா அவிழ்க்கிறவங்க வாக்கு சுத்தமா இருக்கணும். பொய்ச் சத்தியம் பண்ணவங்க அவிழ்த்தா அவிழாது. ஊர் மேலயே திரும்பும். சகுந்தலா பொண்ணு மேல, வயித்துல கீற புள்ள மேல. உங்களுக்கு இன்னா, நீங்கதான் முதல் கற்பூரம் அணைச்சவங்களாச்சே.”

நான் கட்சிக்காரி. சாமியெல்லாம் ஜனங்களுக்காக என்று மேடையில் சொன்னவள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஏழு மாசம்.

ஆகஸ்ட் 26

அடுத்த வெள்ளி அவிழ்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி.

செப்டம்பர் 5

தயாளன் வருவதாகச் சொன்னான், அதனால் இந்த வெள்ளியும் முடியவில்லை. அவனும் வரவில்லை. சர்க்கரை டெஸ்ட் எடுத்தேன், நார்மல். அப்புறம் ஏன் இந்தக் கை ஆறமாட்டேன் என்கிறது?

செப்டம்பர் 17

ஏகாம்பரம் வீட்டுக்கே வந்தார். காப்பி வேண்டாம் என்றார், நானும் போடவில்லை.

“யக்கா, உங்க சர்வே நம்பருக்கு ஒரு சம்மதப் பாரம் போச்சாமே. ஒரு கையெழுத்து விழுந்து, இன்னொரு கையெழுத்துக்காக நிக்கிதாம். ஆபீஸ்ல பேசிக்கினாங்க.”

“அப்படியா? தேவகியைக் கேளுங்க.”

“அவங்களைக் கேட்டாச்சு. வாயைத் தொறக்க மாட்டேங்கிறாங்க.” எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எனக்கு எதுக்குக்கா வம்பு. ரெண்டாம் தேதி உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு வெச்சிக்கங்க. ஊருக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.”

டிப்பர்காரன். என் வாசலில் நின்று எனக்கே விலை பேசுகிறான். அவர் போன பிறகு வாசலைக் கழுவிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தாளை அவள் கொடுக்கவே இல்லை. கோடு என் பக்கம் நகர்ந்த பிறகு ஒரு கையெழுத்துப் போட்டு நீட்டியிருந்தால் போதும், என் வீடு அன்றைக்கே போயிருக்கும். மூன்று மாதமாக வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள்?

செப்டம்பர் 30

குழுப் பெண்கள் பதினொரு பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ரெண்டாம் தேதி அவிழ்க்கிறாயா இல்லையா என்று கேட்டார்கள். அவிழ்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 2

பத்து மணிக்குக் கூட்டம். ஆகஸ்ட்டை விட அதிகக் கூட்டம். பூசாரி தட்டோடு வந்து நின்றான். மஞ்சள் துணியில் காசை முடிந்து கையில் கொடுத்தான். பற்றாளர் அம்மாள், இதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் வராது, சீக்கிரம் முடியுங்கள் என்றார்.

மைக்கை வாங்கினேன். முப்பது வருடமாக மைக்கில் பேசியிருக்கிறேன், இப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. எப்படியோ சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மாற்றி எழுதத் தோன்றும்.

“நான் பண்ணது பொய்ச் சத்தியம். நான் ஒரு தாளுல கையெழுத்து போட்டேன். ஜூன் மாசம், ரயிலுக்குச் சம்மதம்னு போட்டேன். அப்ப கோடு தேவகி நிலத்துல போச்சு. அவளுது போவட்டும்னுதான் போட்டேன். என்னுது போவும்னு தெரிஞ்சப்புறம்தான் உங்களையெல்லாம் கூட்டினேன். ஆத்தா பேரைச் சொல்லி அவளைத் துரோகின்னேன். குத்தம் என்னுது. எதுவா இருந்தாலும் என் தலையோட போவட்டும், உங்க யாரு மேலயும் வேணாம்.”

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

ஏகாம்பரம்தான் முதலில் எழுந்தார். “மேடம், இத குறிச்சிக்கங்க. குழுத் தலைவியே சம்மதம் குடுத்தாச்சு. அப்புறம் இன்னா எதிர்ப்புத் தீர்மானம்? அந்தப் பாரத்தை எடுத்தாந்து வைக்கச் சொல்லுங்க. தேவகியம்மாவாண்டதான் கீது.”

பற்றாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “யாரும்மா தேவகி? பாரம் உங்ககிட்ட இருக்கா?”

தேவகி கடைசியில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். ஆளுக்கு ஆள் விலகி வழிவிட்டார்கள். மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது, வீடும் முடிந்தது. திறக்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அவளுக்கு அந்த நியாயம் உண்டு.

“என்னாண்டதான் குடுத்தாங்க” என்றாள். “வெளியில கட்டில் மேல வெச்சிருந்தேன். ஆடு தின்னுட்ச்சு.”

முதலில் சகுந்தலா சிரித்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பற்றாளர் அம்மாள்கூடப் பதிவேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா விளையாட்றியா? ஆடு எப்படி…” ஏகாம்பரம் கத்தினார்.

“பசிச்சா தின்னும். நீங்க மண்ணத் தின்னல?” என்றாள் தேவகி. பேனாவை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டாள்.

பூசாரி கற்பூரம் ஏற்றினான். முடிச்சை அவிழ்த்தேன். ஆறாத கையில் இரண்டு தடவை நழுவியது. “குத்தத்த ஒத்துக்கினா வாக்கு சுத்தம்தான்” என்று தனகோட்டி சத்தமாகச் சொன்னான். அது சாஸ்திரத்தில் இருக்கிறதா, அவனாகச் சேர்த்ததா தெரியாது. சேர்த்திருந்தால் இந்தத் தடவை மன்னித்துவிட்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, நாற்பத்தொரு கைநாட்டு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குழுத் தலைவி பதவியை அங்கேயே விட்டுவிட்டேன். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை.

அக்டோபர் 3

வக்கீல் நகலை வாங்கிக்கொண்டு போனார். ரயில் நிற்குமா தெரியாது. கல் இன்னும் குளியலறைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்று யாரும் என்னோடு பேசவில்லை. குழாயில் என் குடத்தை நகர்த்தி வைத்திருந்தார்கள். சகுந்தலா மட்டும், தேவகி எப்படிச் சிரிக்க வைத்துவிட்டாள் பார்த்தீர்களா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஊரே அந்த ஆட்டைப் பற்றித்தான் பேசுகிறது.

தேவகியிடம் ஆடு கிடையாது.

ஐந்து ஆடு வைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன், கோடையில், மோட்டாரின் செம்புக் காயில் எரிந்துவிட்டது என்று நாற்பது நாள் ரூமைப் பூட்டி வைத்தேன். அவளுடைய வேர்க்கடலை காய்ந்து, தீவனத்துக்கு ஒரு பிடி பச்சை இல்லாமல் போனது. ஐந்தையும் ஒரே நாளில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனதை இந்த ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். இன்றுவரை எந்த நோட்டிலும் இதை எழுதவில்லை. காயில் எரியவில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை, அவளுடைய முறை. அவளோடு நான் பேசிவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேச எனக்கு வாயில்லை. மோட்டார் ரூம் பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தேன். சாவி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது, பழக்கம்.